வெட்டப்பட்ட தழையும் விடப்பட்ட அடிப்பகுதியும்

பெங்களூர் சிவாஜிநகரின் ரஸல் மார்க்கெட்டைப் போன்ற சந்தைகளில் ரோஜாவுக்குத் துணையாக வைத்துக் கட்டப்படும் பெரணித் தழையும், அந்நகர வீட்டு வாசல்களில் தொட்டி நிறையத் தொங்கும் பெரணியும் பெரும்பாலும் நெஃப்ரோலெபிஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இவ்வளவு பழகிய செடியாயினும் அதன் சிற்றினத்தை உறுதியாகச் சொல்வது, வகைப்பாட்டுத் தொழிலில் தேர்ந்தவர்க்கும் எளிதன்று. தழையை அறுப்பவர் மண்ணிலேயே விட்டுவிடும் அடிப்பகுதியில்தான் முதன்மையான சான்றுகள் தங்கிவிடுகின்றன.

1834இல் தாவரவியலாளர் ஷாட் நிறுவிய இப்பேரினம், இலையின் கீழ்ப்புறத்தில் வித்தகங்கள் திரண்டிருக்கும் சோரஸ் என்ற புள்ளிகளை மூடும் சிறுநீரக வடிவ மென்தோலால் பெயர் பெற்றது. டவாலியேசி, லோமாரியாப்சிடேசி எனப் பல குடும்பங்களில் வைத்துப் பார்க்கப்பட்ட பின், இன்று நெஃப்ரோலெபிடேசி என்ற தனிக் குடும்பமாக நிற்கிறது. ஹோவென்காம்ப், மியாமோட்டோ இருவரும் 2005இல் உலகெங்குமுள்ள மாதிரிகளை ஆராய்ந்து ஏற்றவை 19 சிற்றினங்களே.

அவற்றுள் மிகுதியாகக் குழப்பப்படுபவை கார்டிஃபோலியா, எக்ஸால்டாட்டா என்னும் இரண்டு. முன்னதன் ஓடுதண்டுகளில் நீரைச் சேமிக்கும், செதில் மூடிய, கோலிக்குண்டு போன்ற கிழங்குகள் உண்டு. பின்னதில் அவை இல்லை. கார்டிஃபோலியாவின் நடுக்காம்புச் செதில்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் கருத்தும் மற்றப் பகுதியில் வெளிறியும் இருநிறமாய் இருக்க, எக்ஸால்டாட்டாவின் செதில்கள் ஒரே நிறத்தவை. கைவில்லையின்றி இது தெரியாது; உதிர்ந்துபோன செதிலை எந்த வில்லையாலும் மீட்கவும் முடியாது. 1894இல் அமெரிக்காவில் கண்டெடுக்கப்பட்ட பாஸ்டன் பெரணி போன்ற வளர்ப்பு வகைகள் வித்தின்றி ஓடுதண்டாலேயே பெருகுவதால், சோரஸை நம்பிய அடையாளத் திறவுகோல் அங்கே பயனற்றுப்போகிறது.

பரவலை வரையும்போது இந்தக் குழப்பத்தின் விலை தெரியவருகிறது. எக்ஸால்டாட்டா அமெரிக்க வெப்பமண்டலத்துக்கு உரியது. கார்டிஃபோலியாவோ இமயமலையிலும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்வது. ஃபுளோரிடாவில் முன்னது மண்ணின் செடியாகவும் பின்னது அந்நியக் களையாகவும் இருக்க, ஒன்றின் பெயரில் மற்றொன்று விற்கப்பட்டிருக்கிறது. தோட்டத்திலிருந்து தப்பிய செடிக்கும் காட்டில் பிறந்த செடிக்கும் உலர்தாளில் வேறுபாடு தெரிவதில்லை. ஆகவே பெங்களூரில் மாதிரி எடுப்பவர் ஓடுதண்டையும் கிழங்கையும் தோண்டி இலையோடு சேர்த்து அழுத்துவதுடன், அது தொட்டியில் நின்றதா, சுவர் வெடிப்பில் தானாக முளைத்ததா என்பதையும் விவரச்சீட்டில் எழுதியே ஆகவேண்டும்.