ஸ்டுடியோவைக் கூட்டியவர்

பிளேஸ்மென்ட் சீசன் ஆரம்பிச்சதிலிருந்து என் ஹெட்போனில் கிறிஸ் கிறிஸ்டாஃபர்சன்தான். அமெரிக்க கன்ட்ரி இசைப் பாடகர், பாடலாசிரியர். 2024-ல் காலமானார். பாட்டைவிட அவரோட பயோடேட்டாதான் என்னை முதலில் இழுத்தது.

ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்போர்டில் இலக்கியம் படித்தவர். பிறகு அமெரிக்க ராணுவத்தில் ஹெலிகாப்டர் பைலட், கேப்டன். வெஸ்ட் பாயின்ட் ராணுவ அகாடமியில் ஆங்கில ஆசிரியர் வேலை தயாரா இருந்தது. 1965-ல், 29 வயசில், அதை உதறிட்டுப் பாட்டு எழுத நாஷ்வில் போயிட்டார். அங்கே கிடைத்தது கொலம்பியா ஸ்டுடியோவில் துப்புரவு வேலை. பாப் டிலன் அங்கே ரெக்கார்டிங் செய்தப்போ இவர் தரையைக் கூட்டி, ஆஷ்ட்ரே காலி பண்ணிட்டு இருந்தார்.

"பிடிச்சதைச் செய், வேலையைத் தூக்கிப் போடு"ன்னு மோட்டிவேஷன் ரீல்ஸ் கதையை இங்கேயே முடிச்சிடும். எனக்கு முக்கியமாப் படுறது அதுக்கப்புறம் நடந்தது. குடும்பத்தைக் காப்பாத்த, லூசியானா கடல் பக்கம் எண்ணெய்க் கிணறுகளுக்கு ஆள் ஏத்திப்போற ஹெலிகாப்டரையும் ஓட்டினார். வேலைக்கு நடுவில எழுதினார். லீவு கிடைச்சா நாஷ்வில் வந்து பாட்டை வாங்க ஆள் தேடினார்.

1970-ல் ஜானி கேஷ் பாடிய இவர் பாட்டுக்கு, கன்ட்ரி மியூசிக் அசோசியேஷனின் ஆண்டின் சிறந்த பாடல் விருது. 1971-ல் ஜேனிஸ் ஜாப்ளின் குரலில் இன்னொரு பாட்டு அமெரிக்காவில் நம்பர் ஒன். அப்போ அவருக்கு வயசு 34.

நடுவில் முழுசா அஞ்சு வருஷம். எந்த ரெஸ்யூமேயிலும் அழகாத் தெரியாத அஞ்சு வருஷம்.

எங்க வீட்டில் எஜுகேஷன் லோன் இருக்கு. ஆஃபர் வந்தா சேர்ந்துடுவேன். ராத்திரி பத்து மணிக்கு மேல எழுதுறதையும் விடப் போறதில்லை. ரெண்டும் ஒரே ஆளால முடியும்னு சொல்ல, இப்போதைக்கு எனக்கு அந்த ஹெலிகாப்டர் டிரைவர் போதும்.