எண்ணெய் காட்டிக் கொடுத்தது

போன வாரம் வேதியியல் ஆய்வகத்தில் நான் அசடு வழிஞ்ச கதை தெரியுமா? சோதனைக்குழாயில் தண்ணீரும் எண்ணெயும் ஊற்றிக் குலுக்கி, "டீச்சர், கலந்துடுச்சு!"ன்னு கத்தினேன். அவங்க வர்றதுக்குள்ள எண்ணெய் மேலே நின்னுச்சு. ஒரே சிரிப்பு. "எடையே தெரியாத விண்வெளியில் என்னாகும்?" என்று டீச்சர் கேட்டார். முழித்தேன்.

அப்புறம் தேடிப் படித்தேன். 2013 ஜூனில் ஐரோப்பாவின் 'ஆல்பர்ட் ஐன்ஸ்டீன்' சரக்குக் கலத்தில் 'ஃபேசஸ்' என்ற பால்மச் சோதனை சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போயிருக்கிறது! அங்கே எண்ணெய் மேலே மிதக்காது. ஆனால் துளியும் துளியும் ஒட்டிப் பெருசாகலாம். அதைத் தனியாகப் பார்க்கத்தான் அத்தனை தூரம். ஒட்டாமல் தடுக்க சோப்பு மாதிரிப் பொருளும் சேர்ப்பார்களாம்.

நேற்று நானும் கொஞ்சம் சோப்புத்தண்ணி சேர்த்துக் குலுக்கினேன். பெல் அடிக்கும்வரை வெள்ளையாகவே இருந்தது. இந்தத் தடவை கத்தலை. டீச்சரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

– 10 'ஆ' பிரிவு மாணவி