காய்ச்சலுக்குள் தங்கம்

கோலார் தங்கவயலில் சுரங்கக் கூண்டை ஏற்றி இறக்கும் பொறியை இயக்குபவராக என் தாத்தா பணிபுரிந்தார். அவருடைய இடம் தரைக்கு மேலிருந்த பொறிக்கூடம். கூண்டில் நிற்பவர்களை அவரால் காண இயலாது. எங்கள் ஊரின் சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. அவ்வளவு ஆழத்திலிருந்து குரலும் வந்து சேராது. மணியோசையே மொழி. அது எத்தனை முறை ஒலிக்கிறது என்பதைக் கொண்டு, கூண்டை நிறுத்துவதா, இறக்குவதா, அதில் ஏறியிருப்போர் ஆட்களா என்று அறிந்துகொள்வார். ஓசை தெளிவாகக் கேட்காவிட்டால் ஊகித்துப் பொறியை இயக்குதல் கூடாது. கூண்டில் இருப்பவர்களின் உயிர் அந்த ஊகத்தில் தொங்கும்.

இந்தப் பழக்கமே அவரைக் குறுக்கெழுத்துப் புதிரின்பால் ஈர்த்திருக்க வேண்டும் என்று நான் எண்ணுவதுண்டு. அலுவலகத்தில் படித்து ஒதுக்கிய ஆங்கில நாளேட்டை மாலையில் வீட்டுக்குக் கொண்டுவருவார். அதில் வரும் புதிர் எளிய வகையைச் சேர்ந்ததன்று. எளிய வகையில் ‘யானையின் கை’ என்று குறிப்பு இருந்தால் ‘துதிக்கை’ என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விடலாம். தாத்தா விரும்பிய வகையில், குறிப்பு ஒரு முழு வாக்கியம்போலத் தோன்றும். ஆனால் அவ்வாக்கியம் கூறுவதாகத் தோன்றும் செய்தி நம்மைத் திசைதிருப்புவதற்கே. அதன் ஒரு முனையில் விடையின் பொருள் இருக்கும். எஞ்சிய சொற்களில் விடையின் எழுத்துகளைக் கட்டும் முறை ஒளிந்திருக்கும். ஆகவே விடை இரண்டு முறை சொல்லப்படுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஒத்துப்போனால், விடை சரிதானா என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

1913ஆம் ஆண்டு டிசம்பர் 21 அன்று, ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் நாளேடு ஒன்றில் முதல் குறுக்கெழுத்துப் புதிரை வெளியிட்டார். அது எளிய வகை. அதை வஞ்சகமாக வளைத்தவர்கள் ஆங்கிலேயர்கள். 1920களில் ‘டார்க்குமடா’ என்னும் புனைபெயரில் எழுதிய எட்வர்ட் பாவிஸ் மேதர்ஸ் அவர்களுள் முன்னோடி. ஆனால் சொல்லை இருபொருள்பட ஆளுதல் தமிழுக்குப் புதிதன்று. காளமேகப் புலவரின் சிலேடைகளை நீங்கள் படித்திருப்பீர்கள். சிலேடையில் இரு பொருளும் ஒருங்கே நின்று நம்மை மகிழ்விக்கும். புதிரிலோ ஒரு பொருள் முகத்தைக் காட்டும். மற்றது முதுகை மட்டும் காட்டும்.

தாத்தா தமிழில் குறிப்புகள் அமைக்கத் தொடங்கியதற்குக் காரணம் நான். பள்ளியில் நான் கற்றவை கன்னடமும் ஆங்கிலமும். வீட்டில் தமிழ் பேசினோம்; எழுத்து மட்டும் எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் என்னைப் போன்ற பிள்ளைகள் பலர் இருந்தனர். தாத்தா பழைய குறிப்பேட்டில் கட்டம் வரைந்து, ஒரு கட்டத்துக்கு ஓர் எழுத்து என்று காட்டினார். ‘கா’வுக்கு ஒரு கட்டம், ‘ங்’குக்கும் ஒரு கட்டம். குறிப்பின் இறுதியில் எழுத்துகளின் எண்ணிக்கையை இடுவார். அவர் எனக்குத் தந்த முதற் குறிப்பு இது:

குடியிருக்கப் பொன்னாலான (3)

விடை ‘தங்க’. குடியிருத்தல் என்றாலும் தங்குதல்தான். பொன்னால் ஆன வளையலும் தங்க வளையல்தான். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த குடும்பங்கள் தங்கத்துக்காக வந்து இங்கேயே தங்கிவிட்டன என்பதையும் அச்சொல்லை வைத்தே தாத்தா எனக்குச் சொன்னார். அன்று முதல் ஊரின் பெயர் என் காதில் இரண்டாகக் கேட்கத் தொடங்கியது.

இரண்டாவது குறிப்பு என்னை ஒரு வாரம் அலைக்கழித்தது.

பசு தருவதோடு ஐந்தும் ஒன்றும் சேர்ந்த நதி (3)

பசு தருவது பால். ஐந்தும் ஒன்றும் சேர்ந்தால் ஆறு. பாலாறு! எங்கள் ஊருக்குக் குடிநீர் தந்த பேத்தமங்கலம் ஏரியே அந்த ஆற்றைத் தேக்கியதுதான். ஆனால் ‘பால்’ இரண்டு எழுத்து, ‘ஆறு’ இரண்டு எழுத்து. கூட்டினால் நான்கு வரவேண்டுமே! குறிப்பில் மூன்று என்றல்லவா இருந்தது? தாத்தா ஒன்றும் பேசாமல், ‘ல்’லையும் ‘ஆ’வையும் அருகருகே எழுதி என்னை வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். விரைந்து படித்தபோது ‘லா’ என்று ஒலித்தது. மெய்யின்மேல் உயிர் ஏறி ஓரெழுத்தாகிவிட்டது. ஆங்கிலப் புதிரில் எழுத்துகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். தமிழிலோ அவை கலந்துவிடும். புணர்ச்சி விதியை இலக்கண நூலில் பிற்காலத்தில் படித்தபோது, பழகிய ஒருவரைச் சந்தித்ததுபோல் இருந்தது.

விடையை எழுதுவதில் தாத்தாவுக்கு ஒரு நெறி உண்டு. குறிப்பில் ஒவ்வொரு சொல்லும் என்ன வேலை செய்கிறது என்று விளக்கிய பிறகே மையால் எழுதலாம். விளக்க முடியாத விடை, எழுத்துகள் பொருந்தினாலும், பென்சிலில்தான் நிற்கும். என் அப்பாவுக்கு இதில் பொறுமை இல்லை. “விடைதான் கிடைத்துவிட்டதே, அப்பா” என்பார். “விடை கிடக்கட்டும். வழியைச் சொல்” என்பார் தாத்தா.

2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. 1880இல் ஜான் டெய்லர் குழுமம் பொறுப்பேற்றது முதல், காவிரியின் சிவசமுத்திர அருவியிலிருந்து 1902இல் மின்சாரம் கொண்டுவரும் அளவுக்குப் பெருகிய தொழில் அது. அப்பா சுரங்கத்துக்குள் இருபது ஆண்டுகள் உழைத்தவர். அடுத்த மாதம் முதல், ஊரில் பலரைப் போல அவரும் விடியுமுன் எழுந்து பெங்களூருக்குத் தொடர்வண்டியில் சென்று, இரவில் திரும்பலானார். வீட்டில் பேச்சுக் குறைந்துவிட்டது. அந்நாள்களில் தாத்தா ஒரு துண்டுத்தாளில் எழுதி அப்பாவின் சாப்பாட்டுப் பையில் வைத்த குறிப்பு:

காய்ச்சலுக்குள் தங்கத்தின் நடு. மண்ணுக்கடியில் செல்லும் வழி (5)

அன்றிரவு அப்பா தாளைத் திருப்பித் தந்தார். ‘சுரங்கம்’ என்று எழுதியிருந்தார். “வழி?” என்றார் தாத்தா. “இருபது வருடம் நடந்த வழி, எனக்குத் தெரியாதா?” என்றார் அப்பா. தாத்தா பதில் சொல்லவில்லை. குறிப்பேட்டில் அதைப் பென்சிலில் எழுதி வைத்தார். அன்று தாத்தா நெறியைத் தளர்த்தியிருக்கலாம் என்று எனக்கு நெடுநாள் தோன்றியது. இப்போது அப்படித் தோன்றவில்லை. இரக்கத்துக்காக மையால் எழுதியிருந்தால், அப்பா அந்தத் தாளை அத்துடன் மறந்திருப்பார்.

மறுநாள் இரவு அப்பா செருப்பைக் கழற்றும் முன்பே சொல்லத் தொடங்கினார். காய்ச்சல் என்பது சுரம். (‘சுரம்’ பாலை வழியையும் குறிக்கும், தாத்தா அதையும் எண்ணியே வைத்திருப்பார்.) ‘தங்கம்’ என்னும் சொல்லில் முதலையும் கடைசியையும் நீக்கினால் நடுவில் எஞ்சுவது ‘ங்க’. அதைச் ‘சுர’வுக்கும் ‘ம்’முக்கும் இடையே நுழைத்தால் சுரங்கம். பெட்டியில் எதிரே அமர்ந்திருந்த இருவரும் சேர்ந்து மாலூர் நிலையத்துக்குள் கண்டுபிடித்துவிட்டார்களாம். தாத்தா பேனாவை எடுத்தார்.

சுரங்கம் தோண்டுவதும் புதிர் விடுப்பதும் ஒன்றுதான் என்று சிலர் சொல்வதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பாறை தங்கத்தை யாருக்காகவும் ஒளித்து வைக்கவில்லை. யாரும் கண்டெடுக்க வேண்டும் என்று அது விரும்பவுமில்லை. புதிர் அமைப்பவரோ கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்றே ஒளிக்கிறார்.

அதன்பின் அந்த ரயில் பெட்டியில் தாத்தாவின் குறிப்புகளுக்குக் காத்திருக்கும் ஒரு கூட்டம் சேர்ந்தது. சில மாதங்கள் கழித்து, அப்பா தாமே அமைத்த குறிப்பு ஒன்றைத் தாத்தாவிடம் நீட்டினார்:

கல்லின் தலையில் விதை, புலவர் படைத்தது (3)

தாத்தா அதை அன்றிரவு தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தார். விடியற்காலையில் அப்பா வண்டிக்குப் புறப்படுவதற்குள் அது குறிப்பேட்டில் மையால் எழுதப்பட்டிருந்தது. பக்கத்தில் வழியும் இருந்தது. அதை நான் இங்கே எழுதவில்லை, நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.