குளிக்காதவங்க கதை

எங்க ஊரைப் பற்றி ஒரு மலர் போட்டார்கள். 2019 நவம்பர் 22இல் தென்காசி தனி மாவட்டமான பிறகு இப்படி மலர் போடுகிற ஆசை பலருக்கும் வந்திருந்தது. "நீங்க எம்.ஏ. தமிழ் படிச்சவங்க. ராஜா கதையெல்லாம் மத்தவங்க எழுதிருவாங்க. அந்தக் காலத்துல நம்ம சனங்க அன்றாடம் எப்படி வாழ்ந்தாங்கன்னு நீங்க ஒரு கட்டுரை குடுங்க" என்று கேட்டு வந்தார்கள். சந்தோசமாக ஒத்துக்கொண்டேன்.

'நம்ம சனங்க' என்று அவர்கள் சொன்னது யாரை என்று அப்போது நான் கேட்டுக்கொள்ளவில்லை.

தென்காசி என்றால் எல்லாருக்கும் கோபுரம்தான். 15ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய காசி விசுவநாதர் கோயில். சிதைந்து கிடந்த ராஜகோபுரம் 1990இல் ஒன்பது நிலையோடு மறுபடி எழுந்து குடமுழுக்கு நடந்தது. நான் பிறந்ததும் அந்த வருசம்தான். எங்க தாத்தா அந்தச் சாரத்தில் கலவை சுமந்தவர். சாகும்வரை கோபுரத்தைக் காட்டி, "அந்தா, மூணாவது நெலைல ஏம் வேர்வ காஞ்சு கெடக்கு" என்பார். கோபுரத்தைப் பற்றி எழுதியவர்கள் யாரும் அந்த வேர்வையை எழுதவில்லை.

குற்றாலம் என்றால் குறவஞ்சி. மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் 18ஆம் நூற்றாண்டில் பாடியது. எங்க மலையை எங்களுக்கே காட்டிய பாட்டு, மறுக்கவில்லை. அதைப் பாடியதற்காகக் கவிராயருக்குக் 'குறவஞ்சி மேடு' என்று நிலம் கிடைத்தது. பாட்டுக்குள்ளே சிங்கிக்கும் நகைநட்டு கிடைக்கிறது. பாட்டுக்கு வெளியே அந்த மலையில் கூடை சுமந்து திரிந்த குறத்திக்கு என்ன கிடைத்தது என்று எம்.ஏ. வகுப்பில் கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிப்பதற்காகக் கேட்கவில்லை.

எங்க சனங்களின் அன்றாடம் ஏட்டில் கிடைக்காது. அதனால் பாட்டியிடம் போய் உட்கார்ந்தேன். பாட்டிக்கு எண்பது தாண்டிவிட்டது. 'அந்தக் காலத்துல என்ன பண்ணுவீங்க?' என்று கேட்டதும் பாட்டி எடுத்த எடுப்பில் சொன்னது குளிப்பைப் பற்றித்தான்.

"எங்கம்மா கடைசிவரைக்கும் பேரருவில தல நனச்சதில்ல ஏட்டி."

குற்றாலத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பிறந்து, அங்கேயே நாற்று நட்டு, அங்கேயே செத்த பூட்டி, பேரருவியில் ஒருநாளும் குளித்ததில்லை. எங்கெங்கிருந்தோ ஆளுகள் வந்து குளித்துவிட்டுப் போகிற அருவி. கோயிலை ஒட்டித்தான் பாதை. அந்தப் பக்கம் நம்ம ஆளுக கால் வைக்கக் கூடாது. அருவி விழுந்து சிற்றாறாக ஓடிவருமே, அதில் கீழே இறங்கித்தான் குளிப்பு. "மேல அவுக குளிச்சுவிட்ட தண்ணி, எண்ணெயும் சீயக்காயுமா மெதந்து வரும். அதத்தான் மொண்டு ஊத்திக்கிடுவோம்னு எங்கம்மா சொல்லுவா. அருவி யாரையும் ஒதுக்கல. அருவிக்குப் போற வழிதான் ஒதுக்குச்சு."

1934இல் ஹரிஜன யாத்திரையாக வந்த காந்தி குற்றாலத்துக்கும் வந்தார். தாழ்த்தப்பட்டவர்களுக்கு அருவியில் இடமில்லை என்று தெரிந்ததும், தானும் குளிக்க மாட்டேன் என்று குளிக்காமலே போய்விட்டார். நல்ல காரியம்தான். ஊர் வரலாறு எழுதுகிறவர்கள் இதை விடாமல் எழுதுகிறார்கள். என் கேள்வி ஒன்றுதான். காந்தி ஒருநாள் குளிக்காதது வரலாறு என்றால், எங்க பூட்டி ஆயுசு முழுக்கக் குளிக்காதது என்ன?

பாட்டி அடுத்துச் சொன்னது ரயில். 1904இல் செங்கோட்டையிலிருந்து மலையைக் குடைந்து கொல்லத்துக்கு மீட்டர்கேஜ் ரயில் ஓடத் தொடங்கியது. 2010இல் நிறுத்தி, 2018இல் அகலப்பாதையாகத் திறந்தார்கள். இவ்வளவும் புத்தகத்தில் இருக்கிறது. கொல்லத்துப் பக்கம் கூலிவேலைக்குப் போன பூட்டி, டிக்கெட் எடுத்துப் பெஞ்சில் உட்கார்ந்து போன கதை புத்தகத்தில் இல்லை. பண்ணையார் வீட்டுத் திண்ணைக்குக் கீழே தரையில் குத்த வைத்தவள் அவள். "பக்கத்துல உக்காந்திருந்தவன் யாருன்னு எனக்கும் தெரியாது, நான் யாருன்னு அவனுக்கும் தெரியாது. மல தாண்டுற வரைக்கும் மகாராணிதான்" என்பாளாம். இறங்கி ஊருக்குள் வந்ததும் மறுபடி தரை.

சட்டங்கள் வந்தன. 1939 ஜூலை 8இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டவர்கள் நுழைந்தார்கள். 1947இல் கோயில் நுழைவுச் சட்டம், 1955இல் தீண்டாமைக் குற்றச் சட்டம். அந்தச் சட்டம் வந்து ஏழெட்டு வருசம் கழித்துப் பாட்டிக்குக் கல்யாணம். தாத்தா புதுப்பொண்டாட்டியைப் பேரருவிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். யாரும் தடுக்கவில்லை. பெண்கள் பக்கம் போய் நின்றாள். பக்கத்தில் நின்றவள் மேலேயும் கீழேயும் பார்த்தாள். தெரிந்த முகம்போல. சேலையை ஒதுக்கிக்கொண்டு தள்ளி நின்றாள். அவளைப் பார்த்து அடுத்தவளும் தள்ளினாள். "அம்புட்டுப் பெரிய அருவில என்னச் சுத்தி மட்டும் எடம் காலியாக் கெடந்துச்சு. தண்ணி என்னத் தள்ளல, ஆளுதான் தள்ளி நின்னா. தல காயுமுன்ன கரையேறிட்டேன்" என்றாள்.

இதையெல்லாம் எந்தச் சட்டத்தில் போய்ப் புகார் கொடுப்பது, தோழர்களே? ஒருத்தி நகர்ந்து நின்றாள் என்று எழுதிக் கொடுத்தால் எந்த ஸ்டேசனில் வாங்குவார்கள்?

1981 பிப்ரவரி 19இல் தென்காசிக்குப் பக்கத்து மீனாட்சிபுரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட தலித் குடும்பங்கள் இஸ்லாத்துக்கு மாறின. நாடே திரும்பிப் பார்த்தது. வெளிநாட்டுப் பணம் என்றார்கள், சதி என்றார்கள். எங்க அம்மா அப்போது சின்னப் பொண்ணு. அவளுக்கு நினைவில் நிற்பது கூப்பிடுகிற விதம். "நேத்துவரைக்கும் 'ஏல'ன்னு கூப்பிட்டவன், இன்னைக்கு 'வாங்க பாய்'ங்கான்னு நம்ம தெருவுல பேசிக்கிட்டாவ" என்பாள். நாங்கள் மாறவில்லை. ஆனால் டீக்கடைப் பெஞ்சில் உட்காருவதும், பேருக்குப் பின்னால் மரியாதை ஒட்டிக்கொள்வதும் ஒரு மனுசனுக்கு எவ்வளவு பெரிய விசயம் என்று எங்களுக்குத் தெரியும். வெளியூரிலிருந்து வந்து ஆராய்ந்தவர்கள் பலருக்கு அது தெரியவில்லை.

அதன்பிறகு பாட்டி பேரருவிக்கு நிறையப் போனாள், விளக்குமாறோடு. ஆனி, ஆடி, சாரல், சீசன், கூட்டம். சீசன் கூலிக்குப் பெருக்குகிற வேலை. ஷாம்பு பாக்கெட், எண்ணெய்ப் பாட்டில், சோப்புத் தாள், ஒற்றைச் செருப்பு, பிய்ந்த ஜட்டி எல்லாம் அள்ளுவாள். நான் படித்தது அந்தக் கூலியில்தான். இருபது வருசத்துக்கு மேல் அருவிக்கு முன்னால் நின்றாள், அருவிக்குள் நிற்கவில்லை. ஏன் என்று கேட்டால், "வேலைக்குப் போன எடத்துல என்ன குளிப்பு" என்று பேச்சை முடித்துவிடுவாள்.

இவ்வளவையும் எழுதிக் கொடுத்தேன். மலர் அச்சாகி வந்தது. என் கட்டுரை ஒரு பக்கத்துக்குச் சுருங்கியிருந்தது. ரயில் இருந்தது, பூட்டி இல்லை. காந்தி குளிக்காதது இருந்தது. எங்க சனம் குளிக்காதது இல்லை. போன் போட்டுக் கேட்டேன். "தப்பா எடுத்துக்காதீங்க. மலர்ங்கிறது சந்தோசமான விசயம். பழச ஏன் கிண்டணும்? அதுவும் உங்க வீட்டு சொந்தக் கதை" என்றார்கள். அவர்கள் வீட்டுக் கதை ஊர் வரலாறு. எங்க ஊர்க் கதை வீட்டுக் கதை.

2023 சீசனில் ஒருநாள் விடியற்காலையில் பாட்டியைப் பேரருவிக்குக் கூட்டிப் போனேன். வரமாட்டேன் என்று மல்லுக்கட்டியவளை ஆட்டோவில் ஏற்றிப் போனேன். பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். கம்பியைப் பிடித்து நிற்க வைத்தேன். பக்கத்தில் நின்ற நடுவயசுக்காரி, "வயசானவுகளப் பாத்துப் பிடிச்சுக்கோம்மா" என்றாள். பாட்டியிடம் திரும்பி, "எந்த ஊரு பாட்டி?" என்றாள். ஊர் சொன்னதும், "நமக்குப் பக்கந்தான். எந்தத் தெரு?"

எங்க பக்கத்தில் இந்தக் கேள்விக்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வேறு தெருவைச் சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நொடி தோன்றியது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். மேடையில் பேசுகிறவள்தான், ஆனாலும் தோன்றியது.

பாட்டி எங்க தெருப் பேரைச் சத்தமாகச் சொன்னாள். அருவிச் சத்தத்தில் கேட்காதோ என்று இன்னொரு தடவையும் சொன்னாள். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டாள். கூட்டம் தள்ளியதா, தானாகப் போனாளா, எனக்குத் தெரியவில்லை.

பாட்டி கரையேறவில்லை. 'போதும் பாட்டி, சளி பிடிச்சுக்கும்' என்று நான்தான் கெஞ்ச வேண்டியிருந்தது. வீட்டுக்கு வந்து தலை துவட்டும்போது சொன்னாள்:

"அன்னைக்கு அவ நகந்தான்னு நானும் கரையேறி வந்துட்டேன். இன்னைக்கு யாரு நகந்தா எனக்கென்ன? நான் நகரல. ஏட்டி, இதையும் எழுதிக்கோ."

எழுதிவிட்டேன், பாட்டி.