நாலு பொருள் இல்லாத கோயில்

அக்கா மகன் கல்லூரியில் வரலாறு படிக்கிறான். போன பொங்கலுக்குத் திண்டிவனம் வந்திருந்தவன், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து கேட்டான்: "மாமா, உலக வரலாற்றுல ஒரே ஒரு காலத்துக்குப் போய்ட்டு வரலாம்னா எங்க போவீங்க?" அவனிடம் பட்டியல் தயாராக இருந்தது. பெரிக்ளீஸ் காலத்து ஏதென்ஸ், அகஸ்டஸின் ரோம், ராஜராஜனின் தஞ்சாவூர். நான் யோசிக்கவே இல்லை. "கி.பி. 600-ஐ ஒட்டி, மண்டகப்பட்டு" என்றேன். "அது எங்க இருக்கு?" என்றான். இந்த விழுப்புரம் மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவளின் பிள்ளை அப்படிக் கேட்டது எனக்கு வலித்தது. மறுநாள் விடிந்ததும் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

செஞ்சி வந்ததும் ராஜகிரிக் கோட்டையைப் பார்த்துவிட்டு, இறங்கலாமே என்றான். 2025 ஜூலையில் மராட்டியர் கோட்டைகள் 12-ஐ யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அவற்றில் 11 மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று நம் செஞ்சி. அந்தப் பெருமை எனக்கும் உண்டு. ஆனாலும் அன்றைக்குச் செஞ்சியைத் திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லி, விழுப்புரம் பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். விழுப்புரத்துக்கு ஏறக்குறைய 20 கிலோமீட்டர் முன்னால் இறங்கி, சாலையிலிருந்து உள்ளே நடக்க வேண்டும்.

முதல் பார்வையில் அவன் முகம் விழுந்துவிட்டது. கோபுரம் இல்லை, விமானம் இல்லை. ஒரு பாறை, அதன் முகத்தில் ஒரு நீள்சதுரத் திறப்பு. நடுவில் இரண்டு முழுத்தூண், ஓரங்களில் இரண்டு அரைத்தூண். தூணின் அடியும் முடியும் சதுரம், இடைப்பகுதி எட்டுப்பட்டை. அதற்கு மேல் வேலைப்பாடு எதுவும் கிடையாது. உள்ளே பின்சுவரில் மூன்று கருவறைகள். மூன்றும் வெறுமை.

முகப்பின் இரு கோடியிலும் இரண்டு வாயில்காப்போர் நிற்கிறார்கள். தண்டாயுதத்தின் மேல் கையூன்றி, உடலைச் சற்றே திருப்பி, யாரோ வரும் சத்தம் கேட்டு நிமிர்ந்தவர்கள் மாதிரி. நம் ஊர்க் கோயில்களில் சந்நிதிக்கு வெளியே நான்கு கையும் கோரைப்பல்லுமாக நிற்பார்களே, அந்தத் துவாரபாலகர்களின் முன்னோர்கள் இவர்கள். இவர்களுக்கு இரண்டே கை. முகத்தில் உக்கிரம் இல்லை. நல்ல தேகக்கட்டுள்ள கிராமத்து ஆட்களைப் பார்த்துச் செதுக்கியதுபோல இருக்கிறார்கள். எனக்கு இவர்களைத்தான் பிடிக்கும்.

முகப்பில் கிரந்த எழுத்தில் வடமொழிச் செய்யுள் ஒன்று வெட்டப்பட்டிருக்கிறது. புதுச்சேரியில் வாழ்ந்த பிரெஞ்சு ஆய்வாளர் ழூவோ துப்ராய் இதை உலகத்தின் கண்ணுக்குக் கொண்டுவந்தார். அது சொல்லும் செய்தி இவ்வளவுதான்: பிரமன், சிவன், திருமால் மூவருக்கும் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலை விசித்திரசித்தன் என்ற அரசன் ஆக்குவித்தான். கோயிலின் பெயர் லக்ஷிதாயதனம். விசித்திரசித்தன் என்பது பல்லவ அரசன் முதலாம் மகேந்திரவர்மனின் பட்டப்பெயர்களில் ஒன்று. கி.பி. 590 முதல் 630 வரை என்று அவன் ஆட்சியைப் பொதுவாகக் கணக்கிடுவார்கள்.

உலகத்து அரசர்கள் வெட்டி வைத்த கல்வெட்டுகளில் என்ன இருக்கும்? இத்தனை பொன் கொடுத்தேன், இத்தனை தூண் நிறுத்தினேன், இத்தனை நாட்டை வென்றேன் என்று இருக்கும். இவனோ என்னென்ன சேர்க்கவில்லை என்று கணக்குக் கொடுக்கிறான். அதை எழுதும்போது அவனுக்கு இருந்திருக்கும் பூரிப்பை 1,400 வருஷம் கழித்தும் என்னால் உணர முடிகிறது. ஒரு புதுக் காரியத்தை முதல் தடவை முடித்தவன்தான் அப்படிப் பேசுவான்.

அந்தக் காலத்து உலகத்தை ஒரு சுற்றுப் பார்த்தால் அவன் சொன்னதன் கனம் புரியும். கான்ஸ்டான்டினோபிளில் 537-ல் கட்டி முடித்த ஹாகியா சோபியாவின் பெருங்கூடம் செங்கலாலும் சாந்தாலும் எழுந்தது. ஜப்பானில் 607-ஐ ஒட்டித் தோன்றிய ஹோர்யூஜி விகாரம் முழுக்க மரம். சீனாவில் 618-ல் தாங் வம்சம் எழுந்தது. 622-ல் முகமது நபி மெக்காவை விட்டு மதீனா போனார். வடக்கே ஹர்ஷன் ஆண்டுகொண்டிருந்தான். வாதாபியில் சாளுக்கியர்கள் 578-லேயே அழகான குடைவரை எடுத்துவிட்டார்கள். ஆனால் அது மணற்கல். நம்முடையது கருங்கல், உளியைத் திருப்பி அடிக்கிற ஜாதி. பாண்டிய நாட்டுப் பிள்ளையார்பட்டிக் குடைவரை இதைவிட மூத்தது என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. இருக்கட்டும். செய்ததைச் சொல்லி, ஏன் புதுசு என்பதையும் எழுதிவைத்தவன் இவன்தான்.

குடைந்த விதத்தை மாமல்லபுரத்தில் பாதியில் நின்றுபோன குடைவரைகளில் பார்க்கலாம். பாறை முகத்தில் கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, கோட்டின் வழியே ஆழமாகப் பள்ளம் எடுத்து, நடுவில் எழும்பி நிற்கும் சதுரத்தைத் தட்டி உடைத்து எடுப்பார்கள். பிறகு அடுத்த அடுக்கு. உள்ளே போகப்போகத் தூணுக்கு வேண்டிய பாறையை விட்டுவிட்டுக் குடைய வேண்டும். கட்டுகிறவன் கல் உடைந்தால் வேறு கல் வைப்பான். குடைகிறவனுக்கு அந்த வசதி இல்லை. தூண் விண்டால் விண்டதுதான். கட்டடத்தில் உலோகம் இல்லை என்று அரசன் எழுதினான், சரி. ஆனால் அந்த உளிகள் இரும்பு. தினமும் முனை மழுங்கியிருக்கும், பக்கத்தில் எங்கோ ஒரு கொல்லன் உலை மூட்டித் தோய்ச்சல் போட்டுக்கொண்டே இருந்திருப்பான். அவன் பெயரும் கல்லில் இல்லை, கல்தச்சர்களின் பெயரும் இல்லை.

மகேந்திரன் ஏன் கல்லுக்கு வந்தான் என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த கேள்வி. தமிழ்நாட்டில் அதுவரை தெய்வத்தின் வீடு செங்கல், மரம், சுதை. கல் செத்தவர்களுடையது. ஈமக் குழியைச் சுற்றிக் கல்வட்டம் போட்டோம், வீரன் விழுந்த இடத்தில் நடுகல் நட்டோம். சாவோடு ஒட்டிய பொருளில் சாமிக்கு வீடு கட்டத் தயங்கினார்கள் என்று தொல்லியல் அறிஞர் கே.ஆர். சீனிவாசன் விளக்கினார். இதை முழுசாக நிரூபிக்க முடியாது என்றாலும் நான் நம்புகிறேன். விசித்திரசித்தன் அந்தத் தயக்கத்தை உடைத்தான். அப்படியும் கருவறைக்குள் இருந்த தெய்வம் கல்லில் இல்லை. மரத்தில் செய்து வைத்திருக்கலாம், சுதையிலோ வண்ணத்திலோ சுவரில் எழுதியிருக்கலாம் என்று ஊகிக்கிறார்கள். கல்லை நம்பாத அந்தப் பொருள்கள் அழிந்துபோயின, கல் நிற்கிறது.

அவன் எப்படிப்பட்ட ஆள் என்பதையும் சொல்லியாக வேண்டும். காபாலிகனையும் பௌத்த பிக்குவையும் காஞ்சித் தெருவில் சண்டைபோட வைத்து 'மத்தவிலாசப் பிரகசனம்' என்ற நாடகம் எழுதினான். கேரளத்துக் கூடியாட்டத்தில் அது இன்றும் மேடையேறுகிறது. அப்பரை நீற்றறையில் இட்டதாகச் சேக்கிழார் சொல்லும் பல்லவன் இவனே என்பது அறிஞர் பலரின் முடிவு. அந்த அரசன் பிறகு மனம் மாறித் திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்கிறது பெரியபுராணம். குணபரன் என்பதும் மகேந்திரனின் பட்டப்பெயர்தான். மறுபக்கம், சாளுக்கிய அரசன் இரண்டாம் புலிகேசியிடம் அடிவாங்கிக் காஞ்சி மதிலுக்குள் ஒதுங்கினான் என்று 634-ஆம் ஆண்டு ஐஹொளெ கல்வெட்டு பெருமையடிக்கிறது. போரில் தோற்ற அந்த வருஷங்களில் இங்கே கல் உளி ஓய்ந்ததாகத் தெரியவில்லை. செஞ்சி வட்டத்துத் தளவானூரில் சத்ருமல்லேசுவரம் குடைந்தான். அங்கே முகப்பில் மகரதோரணம் ஏறிவிட்டது, கை பழகிவிட்டது. நேர்த்தி என்று பார்த்தால் அதுதான் உயர்வு. எனக்கோ மண்டகப்பட்டின் மொட்டைத் தூண்தான் நெஞ்சில் நிற்கிறது.

இதே அரசன் காலத்தில் இன்னொரு கல்லும் நின்றது. பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரனின் 34-ஆம் ஆட்சியாண்டில் நட்ட நடுகல். எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு அந்தக் கல். அவனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டு கள்ளர்களைக் கடித்துவிட்டு, விழுந்து கிடந்தவனைக் காத்து நின்றதாம். அதன் பெயர் கோவிவன். வட்டெழுத்தில், தமிழில், நாயின் பெயரோடு எழுதிவைத்தார்கள். அரசனின் கல் மும்மூர்த்திக்கு, வடமொழியில். ஊராரின் கல் எருமைகளைக் காத்த ஒருவனுக்கும் நாய்க்கும், பேச்சுக்கு நெருக்கமான தமிழில். ஒரே ஆட்சி, ஒரே வகைப் பாறை. உலகத்தில் வேறு எந்த இடத்தின் எந்த நாற்பது வருஷத்தையும் இதற்கு மாற்றாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எண்ணாயிரம் என்ற ஊரும் கொஞ்சம் இழுக்கத்தான் செய்கிறது. ராஜேந்திர சோழன் காலத்தில் 340 மாணவர்களும் 14 ஆசிரியர்களும் இருந்த கல்லூரி, எங்கள் விழுப்புரம் மாவட்டத்து அந்தக் கிராமத்தில். அதை இன்னொரு நாள் எழுத வேண்டும்.

சாயங்காலம் பனமலை போனோம். மகேந்திரனுக்கு ஒரு நூற்றாண்டு கழித்துப் பல்லவன் ராஜசிம்மன் குன்றின் மேல் கட்டிய தாளகிரீசுவரர் கோயில். இங்கே பாறையைக் குடையவில்லை. கல்லை வெட்டி, அடுக்கி, விமானம் எழுப்பிவிட்டார்கள். வடபக்கத்துச் சிறு சந்நிதியின் சுவரில் உமை ஒரு காலை மடக்கிச் சாய்ந்து நிற்கிறாள், தலைக்கு மேல் குடை. வண்ணம் நிறைய உதிர்ந்துவிட்டது. இருந்தாலும் அந்தச் சாய்வு போகவில்லை.

கீழே இறங்கும்போது ஜல்லி ஏற்றிய டிப்பர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. இந்தப் பகுதியில் வேட்டுச் சத்தம் கேட்காத நாள் குறைவு. சாலை வேண்டும், வீடு வேண்டும், கல் வேண்டும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்தப் பாறையில் எழுத்து இருக்கிறது, எதில் பழைய ஓவியம் இருக்கிறது என்று ஒவ்வொரு குன்றையும் கண்ணால் பார்த்து முடிக்காமல் வேட்டு வைக்கக் கூடாது. குவாரிக்கு அனுமதி கொடுக்கிறவர்கள் காதில் இது விழுகிறவரை நான் சொல்லிக்கொண்டே இருப்பேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பையன் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மண்டகப்பட்டில் தூணின் எட்டுப்பட்டையை அரைமணி நேரம் தடவிக்கொண்டு நின்றவன் அவன். விக்கிரவாண்டி தாண்டும்போது என் பக்கம் திரும்பினான்.

"மாமா, அந்த நாயோட பேரு என்ன சொன்னீங்க?"

"கோவிவன்."

போனை எடுத்து எழுதிக்கொண்டான்.