சாவி யாரிடம் இருக்கிறது?

மதுரையில் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர் அந்த அம்மா. வயது 64. குடியிருப்பில் இருப்பவர்களைத் திரட்டி, வருடத்துக்கு ஒருமுறை பழைய கட்டடங்களைப் பார்க்க அழைத்துப்போவது அவர் வழக்கம். 'இந்த முறை செட்டிநாடு' என்று வாட்ஸ்அப் குழுவில் போட்டதும் 18 பேர் பெயர் கொடுத்தார்கள். வேன் வாடகை எவ்வளவு, மதியச் சாப்பாடு எங்கே என்று கேள்விகள் வரிசைகட்டின. அவருடைய கவலை வேறு. "அதெல்லாம் அப்புறம். சாவி யார்கிட்ட இருக்குன்னு முதல்ல விசாரிக்கணும்."

திருமலை நாயக்கர் மஹால் என்றால் டிக்கெட் எடுத்து உள்ளே போய்விடலாம். கானாடுகாத்தானில் அது நடக்காது. அங்கே இருப்பவை வீடுகள். பர்மா, இலங்கை, மலாயா என்று கடல் கடந்து தொழில் செய்த நகரத்தார், 19-ம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து கட்டியவை. 1942-ல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போனது. அங்கே போட்டிருந்த முதல் பலருக்குத் திரும்பவில்லை. வீடுகள் மட்டும் நின்றன. தலைமுறை பெருகப் பெருக, ஒரே வீட்டுக்கு ஏகப்பட்ட பங்காளிகள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். சாவியோ உள்ளூரில் வீட்டைப் பார்த்துக்கொள்பவரிடம்.

நான்கைந்து போன் பேசிய பிறகு மூன்று வீடுகளுக்குச் சம்மதம் கிடைத்தது. ஆனால், குழு குறித்த ஞாயிற்றுக்கிழமையில் ஒரு வீட்டில் 'படைப்பு'. முன்னோர்களுக்குப் படைத்துக் கும்பிடும் நாள். பங்காளிகள் எல்லோரும் கூடுவார்கள். தேதியை ஒரு வாரம் தள்ளினார் அம்மா. இரண்டு பேர் கழன்றுகொண்டார்கள். அதற்காக அவர் வருத்தப்படவில்லை.

அடுத்த சண்டை எண்ணிக்கையில். கல்லூரியில் படிக்கும் பையன் ஒருவன் இணையத்தில் தேடி எட்டு இடங்களை எழுதிக்கொடுத்திருந்தான். காரைக்குடி ஆயிரம் ஜன்னல் வீடு, கானாடுகாத்தான் அரண்மனை என்று நீண்டது பட்டியல். மூன்று வீடு, ஒரு டைல்ஸ் பட்டறை தவிர மற்றதையெல்லாம் அடித்துவிட்டார் அம்மா. "எட்டு வீட்டையும் வாசல்ல நின்னு பார்க்கிறதுக்கு யூடியூப் போதும்ப்பா."

அவர் சொன்னது சரிதான். ஒரு வீட்டுக்கே ஒரு மணி நேரம் வேண்டும். திண்ணை, முகப்பு தாண்டினால் வானம் பார்த்த வளவு. அதைச் சுற்றி அறைகள். பிறகு இரண்டாம் கட்டு, அடுப்படி இருக்கும் மூன்றாம் கட்டு. பல வீடுகள் இந்தத் தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகின்றன. முன்வாசலில் நின்றால் கடைசிக் கதவு வரை நேர்கோட்டில் தெரியும். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர் பளிங்குபோல வழுக்கும். வளவில் விழும் வெளிச்சம் பர்மா தேக்குத் தூணில் ஏறி இறங்குவதைப் பார்க்கவாவது கொஞ்சம் உட்கார வேண்டாமா?

மதுரையிலிருந்து காரைக்குடி சுமார் 90 கிலோமீட்டர். காலை 6 மணிக்குக் கிளம்பி, பிள்ளையார்பட்டியில் சாமி கும்பிட்டு, டிபனை முடித்துக்கொண்டு கானாடுகாத்தான் போய்ச் சேர்ந்தார்கள். 16 பேரும் எட்டு எட்டாகப் பிரிந்தார்கள். ஒரு குழு உள்ளே போனால் மற்றது திண்ணையில். வாசல்படிகள் உயரம், பிடித்துக்கொள்ளக் கம்பி கிடையாது. முழங்கால் வலிக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் ஓர் இளவட்டம் துணை. கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதையும் அம்மா முன்கூட்டியே கேட்டு வைத்திருந்தார்.

இவ்வளவு திட்டம் போட்டும் இரண்டாவது வீட்டில் ஒரு தப்பு நடந்தது. செல்ஃபிக்கு நல்ல இடம் தேடிய இளைஞர் ஒருவர், சாத்தியிருந்த கதவைத் தள்ளித் திறந்துவிட்டார். அங்கே தனியாக வசிக்கும் ஆச்சி சத்தம் போடவில்லை. "எங்க அப்பச்சி படம் இருக்கிற அறைப்பா அது. பார்க்கணும்னா கேட்டுட்டுப் போங்க" என்றார். கொஞ்சம் பொறுத்து அவரே சொன்னார்: "பக்கத்து வீட்ல இப்பல்லாம் யாரையும் விடுறதில்ல. போன வருஷம் வந்தவுக பித்தளைக் குமிழைத் திருகி எடுத்துட்டுப் போயிட்டாக."

அதற்குப் பிறகு யாரும் சொல்லாமலே போன்கள் பைக்குள் போயின.

மதியத்துக்கு மேல் ஆத்தங்குடி. கண்ணாடிப் பலகை மேல் அச்சு வைத்து, வண்ணக் கலவையை ஊற்றி, மேலே மணலும் சிமென்டும் போட்டு டைல்ஸ் செய்கிறார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறி, காய்ந்தே உறுதியாகிறது. பட்டறையில் வேலை நடக்கிறதா என்று முந்தின நாளே போன் செய்து கேட்டுக்கொண்டதால் ஏமாற்றம் இல்லை.

திரும்பும் வழியில் காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் தெருவில் வேன் நின்றது. தேக்குத் தூண்கள், சித்திரம் செதுக்கிய நிலைக்கதவுகள், எனாமல் பாத்திரங்கள். பங்காளிகளுக்குள் ஒத்துவராமலோ, பராமரிக்க வழியில்லாமலோ பிரிக்கப்பட்ட வீடுகளின் மிச்சமும் இப்படித்தான் தெருவுக்கு வருகிறது. செட்டிநாட்டு ஊர்கள் 2014 முதல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. ஆனால், ஒழுகும் ஓட்டை மாற்றப் பங்காளிகள்தான் பணம் போட வேண்டும். வெளியாட்கள் வந்து மரியாதையாகப் பார்த்துவிட்டு, பராமரிப்புக்கு ஒரு தொகையும் கொடுத்துவிட்டுப் போனால், 'இடித்துவிடலாம்' என்று சொல்லும் பங்காளி கொஞ்சம் யோசிக்கலாம். குமிழ் காணாமல் போனால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

ஊர் திரும்பிய வாரமே, எடுத்த போட்டோக்களில் பன்னிரண்டைப் பிரின்ட் போட்டு ஆச்சிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார் அம்மா. நான்காம் நாள் போன் வந்தது.

"படம் நல்லாருக்கு. அடுத்த தடவை மழைக்காலத்துல வாங்க. வளவுல தண்ணி விழுறதைப் பார்க்காமப் போயிட்டீகளே!"