“புள்ளி வைக்காதே!” - தூத்துக்குடியில் ஒரு கணக்கு நோட்டும் ஒரு கம்போடியப் பணத்தாளும்

சென்னையிலிருந்து முத்துநகர் எக்ஸ்பிரஸில் ஏறினால், காலையில் தூத்துக்குடி. ரயில் ஊருக்குள் நுழையும்போதே இரண்டு பக்கமும் உப்பளங்கள் தெரிய ஆரம்பித்துவிடும். வெள்ளை வெள்ளையாகக் குவித்து வைத்திருக்கும் உப்பைப் பார்த்தாலே ஆச்சி வீடு வந்துவிட்டது என்று எனக்கு அர்த்தம்.

இந்த முறை நான் போனது லீவுக்கு மட்டுமல்ல. எண்பது வயதான ஆச்சியைச் சென்னைக்கே அழைத்து வந்துவிடலாம் என்று வீட்டில் முடிவாகியிருந்தது. சாமான்களை ஒதுக்கிக்கொடுக்கும் வேலை எனக்கு.

கைப்பையைக் காலி செய்தபோது, கம்போடியா போய்வந்த ஆபீஸ் தோழி கொடுத்த ஒரு ரியெல் தாள் கீழே விழுந்தது. ஆச்சி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“ஏட்டி, இது எந்த ஊரு ரூவா? இந்த ஓரத்துல இருக்க எழுத்து எங்கப்பா நோட்டுல இருக்கது மாதிரில்லா இருக்கு?”

அந்த ஓரத்தில் இருந்தது எழுத்தல்ல, எண். கெமர் மொழியின் எண்கள். கம்போடியாவில் இன்றைக்கும் பணத்தாளிலும் பள்ளிப் புத்தகத்திலும் சொந்த எண்களை அச்சடிக்கிறார்கள். நாம் பயன்படுத்தும் 1, 2, 3-ம் பக்கத்திலேயே இருக்கும்.

“உங்க அப்பா நோட்டா? எங்க ஆச்சி?”

டிரங்குப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு நீள நோட்டு வெளியே வந்தது.

சிப்பிக் கணக்கு

ஆச்சியின் அப்பா ஒரு தோணிக்காரரிடம் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1955-ல் தொடங்கி 1961 வரை நடந்தது. அதற்குப் பிறகு இங்கே அப்படி ஒரு முத்துக்குளிப்பு நடக்கவே இல்லை. சிப்பிகள் வளரும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் ‘பார்’ என்று பெயர். குளியாட்கள் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கி, மூச்சை அடக்கிச் சிப்பிகளைப் பொறுக்கி மேலே வருவார்கள். கரைக்கு வந்ததும் சிப்பிகளை மூன்று பங்காகப் பிரிப்பார்கள். இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசாங்கப் பங்கை ஆயிரம் சிப்பி இவ்வளவு என்று ஏலம் விடுவார்கள். வாங்குகிறவருக்கு உள்ளே முத்து இருக்கிறதா, இல்லையா என்பதே தெரியாது.

அந்தக் கணக்கைத்தான் ஆச்சியின் அப்பா எழுதி வைத்திருந்தார். மேலே ‘வந்தது’, ‘கொடுத்தது’ என்று இரண்டு தலைப்பு. கீழே வரிசையாக என்னமோ எழுத்துகள்.

“தலைப்பைப் படிச்சிருவேன். கீழ இருக்கதுதான் புரியாது. ‘அள’ன்னு போட்டிருக்கு பாரு. அப்படி ஒரு ஆள் பேரு உண்டா?”

நான் சிரித்தேன். ஆச்சி சிரிக்கவில்லை.

“இந்த நோட்டாலதான் எங்கப்பாவுக்குக் கெட்ட பேரு. கடைசி நாள் பங்கைக் குளியாட்களுக்குக் குடுக்கலைன்னு சொன்னாவ. அந்த வருசம் ஐப்பசியிலேயே போய்ச் சேந்துட்டாரு. துட்டி வீட்டுலயே ஒருத்தர் சொன்னாரு, ‘கணக்கு முடிக்காமப் போன மனுசன்’னு. எனக்கு அப்போ பதிமூணு வயசு. அது இன்னும் காதுல கெடக்கு.”

நான் பிறந்ததிலிருந்து ஆச்சி வீட்டுக்கு வந்து போகிறேன். இதை அவர் என்னிடம் சொன்னது இதுதான் முதல் தடவை.

‘அள’ என்றால் எண்ணூறு

செல்போனில் தமிழ் எண்களின் பட்டியலைத் தேடி எடுத்தேன். பள்ளியில் ஒரு பக்கம் படித்தது, பரீட்சை முடிந்ததும் மறந்துபோனது. பார்க்க எழுத்து போலவே இருப்பதுதான் குழப்பமே. ஒன்று ‘க’ மாதிரி (௧), இரண்டு ‘உ’ மாதிரி (௨), ஏழு ‘எ’ மாதிரி (௭), எட்டு ‘அ’ மாதிரி (௮). பத்துக்கு ‘ய’ போல ஒரு குறி (௰), நூறுக்கு ‘ள’ போல ஒரு குறி (௱), ஆயிரத்துக்குத் தனியாக இன்னொன்று (௲).

ஆச்சி ‘அள’ என்று படித்தது ௮௱. எட்டு, நூறு. எண்ணூறு!

வாயால் சொல்கிறபடியே எழுதுகிற முறை இது. இரண்டாயிரத்து நானூறு என்றால் ௨௲௪௱. இரண்டு, ஆயிரம், நான்கு, நூறு. பூஜ்யமே தேவையில்லை. நோட்டின் மேல் இருந்த வருஷத்தையும் படித்துவிட்டேன்: ௲௯௱௫௰௮. அதாவது 1958.

பிறகு ஒவ்வொரு வரியாகப் படிக்கப் படிக்க, ஆச்சி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டார்.

வந்தது 3,000, கொடுத்தது 1,000.

வந்தது 2,400, கொடுத்தது 800.

வந்தது 1,800, கொடுத்தது 600.

மூன்று பக்கங்களுக்கு இப்படியே போனது. ஒரு வரியில்கூடப் பிசகில்லை. எல்லாம் சரியாக மூன்றில் ஒரு பங்கு.

கடைசி வரி ௨௲௭௱. வந்தது 2,700. ‘கொடுத்தது’ என்பதன் கீழே ஒன்றும் இல்லை. தாள் கிழியவில்லை, பூச்சி அரிக்கவில்லை, வெறும் இடம்.

மெக்காங் கரையில் ஒரு புள்ளி

மதிய சாப்பாட்டுக்குப் பிறகும் அந்த வெற்றிடமே என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. ரியெல் தாளைப் பற்றிப் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். படித்தது அத்தனையும் நம்ம ஊர்க் கதைக்குப் பக்கத்திலேயே வந்து நின்றது.

கெமர் எழுத்துகளும் எண்களும் பல்லவர் கால எழுத்திலிருந்து கிளைத்தவை. தென்னிந்தியாவிலிருந்து வணிகர்களும் அறிஞர்களும் கடல் வழியாகக் கொண்டுபோன எழுத்து அது. கம்போடியாவில் கிடைத்த, ஆண்டு குறித்த கெமர் மொழிக் கல்வெட்டுகளில் மிகப் பழையது கி.பி. 611-ஐச் சேர்ந்தது. காஞ்சியில் மகேந்திரவர்மன் ஆண்ட அதே காலத்தை ஒட்டி அங்கேயும் ஒரு மகேந்திரவர்மன் ஆண்டிருக்கிறான்!

அவர்கள் எண்களை உச்சரிக்கும் விதம் மட்டும் அவர்களுடையதே. ஐந்துக்கு ‘ப்ராம்’, ஒன்றுக்கு ‘மூய்’. ஆறு என்றால் ‘ப்ராம்-மூய்’, அதாவது ஐந்தும் ஒன்றும். ஒன்பது வரை இப்படி ஒரு கை விரல்களை எண்ணி முடித்துவிட்டு அடுத்த கைக்குப் போகிற கணக்குதான். பழைய வழக்கில் 400-க்கு ஒரு தனிச் சொல் உண்டு. அதே சொல்லுக்கு ‘இலை’ என்றும் பொருள். நாம் வெற்றிலையைக் கவுளிக் கணக்கில் எண்ணுகிறோமே, அது ஞாபகத்துக்கு வந்தது.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். மெக்காங் ஆற்றங்கரையில் சம்போர் என்ற இடத்தில் ஒரு கல்வெட்டு கிடைத்தது. அதில் சக ஆண்டு 605 என்று எண்ணில் பொறித்திருக்கிறார்கள். 78-ஐக் கூட்டினால் கி.பி. 683. ஆறுக்கும் ஐந்துக்கும் நடுவே பூஜ்யத்துக்காக ஒரு புள்ளி. உலகில் ஆண்டு உறுதியாகத் தெரிந்த மிகப் பழைய பூஜ்யங்களில் ஒன்று அந்தப் புள்ளி. ஜார்ஜ் செதேஸ் என்ற பிரெஞ்சு அறிஞர் 1931-ல் இதை உலகுக்குச் சொன்னார். கெமர் ரூஜ் காலத்து அழிவுகளில் கல் எங்கே போனதென்றே தெரியாமல் போயிற்று. 2013-ல் அமிர் அக்ஸெல் என்ற கணித எழுத்தாளர் அங்கோர் பக்கத்தில் ஒரு கிடங்கில் அதைத் தேடிக் கண்டுபிடித்தார்.

நம் பழைய முறையில் பத்துக்கும் நூறுக்கும் ஆயிரத்துக்கும் தனிக் குறிகள் இருந்ததால் புள்ளிக்கு அவசியம் வரவில்லை. அங்கே இடத்தை வைத்து மதிப்பைச் சொன்னதால், ‘இந்த இடத்தில் ஒன்றும் இல்லை’ என்று சொல்ல ஒரு குறி வேண்டியிருந்தது.

ஆணி முத்தும் மஞ்சாடியும்

பூஜ்யம் எழுதாததால் இந்தக் கரைக்காரர்கள் கணக்கில் சளைத்தவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். முத்தை இங்கே தரம் பிரித்த விதத்தைக் கேட்டால் அசந்துபோவீர்கள்.

முதலில் துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலிப்பார்கள். 20 துளை உள்ள தட்டில் தங்குவது பெரிய முத்து. அப்படியே 1,000 துளை வரைக்கும் பத்துத் தட்டுகள். பிறகு உருட்சியும் ஒளியும் பார்த்து ஆணி, அணதாரி, மசகு, கலிப்பு என்று பிரிப்பார்கள். எடை மஞ்சாடியில். இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு.

விலைக்கு அடிப்படை ‘செவ்வு’ என்ற அளவு. மஞ்சாடி எடையை அதே எடையால் பெருக்கி, அதில் முக்கால் பங்கை எடுத்து, முத்துகளின் எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். பத்து மஞ்சாடிக்கு ஐந்து முத்து இருந்தால் 15 செவ்வு. அதே பத்து மஞ்சாடியும் ஒரே முத்தாக இருந்தால் 75 செவ்வு! எடை ஒன்றுதான். ஆனால் பெரிய முத்து அபூர்வம் என்பதைக் கணக்கே சொல்லிவிடுகிறது. கால்குலேட்டர் இல்லாமல், கடற்கரை மணலில் உட்கார்ந்து போட்ட கணக்கு இது.

“அதை எழுதாத!”

சாயங்காலம் ஆச்சியை ஆட்டோவில் பீச் ரோட்டுக்கு அழைத்துப் போனேன். பனிமய மாதா கோயில் வாசலில் ஒரு நிமிஷம் நின்று கும்பிட்டார். ஆகஸ்ட் 5 திருவிழா சமயத்தில் இந்தத் தெருவில் கால் வைக்க இடம் இருக்காது. பழைய துறைமுகத்தில் மாலத்தீவுக்குப் போகிற தோணிகள் நின்றன. தூரத்தில் புதிய துறைமுகத்தின் கிரேன்கள். அங்கே கன்டெய்னர் ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர், எல்லாம் கம்ப்யூட்டரில்.

ரோச் பூங்காவில் உட்கார்ந்து மக்ரூன் பொட்டலத்தைப் பிரித்தோம். ஆச்சி நோட்டையும் கொண்டு வந்திருந்தார்.

“இப்ப எனக்கு என்ன தெரியுதுன்னா, மத்த நாள் எல்லாம் அவரு சரியாக் குடுத்திருக்காரு. ஒரு சிப்பிகூடக் கையாடலை. அப்படித்தானே?”

“ஆமா ஆச்சி. கடைசி நாள் குடுக்க வேண்டியது 900. குடுத்தாரா, குடுக்கலையான்னு மட்டும் இதுல இல்ல.”

“தொள்ளாயிரம்.” ஒருமுறை சொல்லிப் பார்த்தார். “இத்தன வருசமா எவ்வளவுன்னுகூடத் தெரியாம இருந்திருக்கேன்.”

கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். கம்போடியக் கல்வெட்டுப் புள்ளியைப் பற்றிச் சொன்னேன். ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு புள்ளி வைப்பார்களாம் என்று சொல்லிக்கொண்டே, விளையாட்டாகப் பேனாவை எடுத்து அந்த வெற்றிடத்தின் பக்கம் கொண்டுபோனேன். ஆச்சி சட்டென்று என் கையைப் பிடித்துவிட்டார்.

“புள்ளி வைக்காத! புள்ளி வச்சா குடுக்கலைன்னு ஆயிரும்.”

“அப்ப தொள்ளாயிரம்னு எழுதவா?”

“அதையும் எழுதாத. குடுத்தாருன்னு நமக்கு எப்படித் தெரியும்? அப்படியே இருக்கட்டும்.”

நோட்டை மூடி மஞ்சப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய பத்திரமோ, சிட்டையோ, ஓலைச்சுவடியோ இருக்கலாம். நடுவில் அர்த்தமில்லாமல் ‘க’, ‘உ’, ‘ரு’, ‘ள’ என்று தெரிந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அது யாரோ போட்டுவைத்த கணக்காக இருக்கும். பட்டியலை வைத்துக்கொண்டு பாட்டியோடு உட்கார்ந்தால் ஒரு மதியத்தில் படித்துவிடலாம்.

மறுநாள் இரவு ரயில். ஆச்சி இரண்டு பெட்டிதான் எடுத்துக்கொண்டார். நோட்டு மட்டும் பெட்டியில் இல்லை, மடியில் இருந்தது. டிக்கெட்டைக் கையில் வாங்கியவர் எங்கள் சீட் நம்பரை விரலால் தொட்டுக் கேட்டார்:

“இருவத்தேழுன்னா எப்படி எழுதணும்ட்டி? உ, ய, எ. சரிதானா?”

சரிதான் ஆச்சி. ௨௰௭.